ஊரில் இல்லாத இழுப்பு

"ஊரில் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தேன், இங்கே வந்து மூன்றாம் வருஷம்தான் இந்த இழுப்புப் பிடித்துக்கொண்டது." பெங்களூரில் அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தின் நெருக்கமான தெருக்களில் நம்மவரோடு பேச்சுக் கொடுத்தால், இந்த வாசகத்தை ஏதேனும் ஒரு வடிவில் கேளாமல் திரும்ப முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர் ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இருபது, இருபத்தைந்து வயதினர் இதைச் சொல்கின்றனர். அவர்களுக்கு முன்னே வந்து, தலைமுறைகளாக இங்கேயே வேரூன்றிவிட்டவர்களும் தம் பிள்ளைகளைக் காட்டி இதையே சொல்கின்றனர்.

தமிழர் இப்பகுதிக்குப் புதியவர்கள் அல்லர். 1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு இறக்கியபோது சென்னைப் படையோடும், படைக்குப் பண்டம் விற்றவரோடும், சுமை தூக்கியவரோடும் நம் முன்னோர் வந்து சேர்ந்தனர். பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும், 2009இல் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையும் அல்சூர் ஏரியை ஒட்டியே இருப்பது தற்செயல் அன்று. இருநூறு ஆண்டுகளாக நம்மவர் சுவாசித்து வந்த காற்றுதான் இது. குளிர்ச்சியான மேட்டுநிலத்துக் காற்று என்று பெயர் பெற்ற அந்தக் காற்றின் மேல் இப்போது ஏன் இத்தனை குற்றச்சாட்டு? ஊரில் இல்லாத நோய் நகரத்தில் வந்தது என்பது மெய்தானா? மெய்யாயின், ஊருக்குத் திரும்பினால் அது நீங்குமா? இவ்வினாக்களையே இங்கே நாம் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் நோயின் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊர்களில் இழுப்பு, இரைப்பு, ஈளை இருமல் என்றும், சித்த மருத்துவர் வாக்கில் சுவாசகாசம் என்றும் வழங்குவது பெரும்பாலும் ஆஸ்துமாவே. நகரத்து இளைஞர் 'வீசிங்' என்கின்றனர். கன்னட மருத்துவமனையில் 'உப்பஸ' என்று கேட்பார்கள், தெலுங்கில் 'உப்பசம்', மும்பையிலும் வடநாட்டிலும் 'தமா'. வெளிமாநிலத்தில் வாழும் நாம் இச்சொற்களை அறிந்திருப்பது நல்லது. நள்ளிரவில் மூச்சுத் திணறும் ஒருவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மருத்துவமனை வாயிலில் நிற்கும்போது, சொல் தெரியாமையால் போகும் ஐந்து நிமிஷமும் பெரிய நஷ்டந்தான்.

நம் மார்பினுள் மூச்சுக்குழல் மரத்தின் கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து மிக நுண்ணிய குழல்களாக முடிகிறது. அக்குழல்களின் உட்புறத்தில் மெல்லிய சவ்வும், அதைச் சுற்றித் தசைவளையங்களும் உள்ளன. ஆஸ்துமா உடையவருக்கு இந்தச் சவ்வில் ஓர் அழற்சி ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும். வெளியிலிருந்து ஏதேனும் ஒன்று சீண்டியவுடன் சவ்வு வீங்கும், சளி சுரக்கும், தசைவளையங்கள் இறுகும். இவ்வாறு மூன்று பக்கமும் நெருக்குண்டு குழலின் துவாரம் ஒடுங்குகிறது. மூச்சை வெளியே விடுவதுதான் அப்போது பெருங்கஷ்டம். 'வீச்' என்னும் ஒலி எழுவதும் வெளிமூச்சிலேதான். இந்நோய்க்கு ஓர் இயல்பு உண்டு: வரும், போகும். பின்னிரவில் எழுந்து உட்கார வைக்கும். விடிந்து வைத்தியரிடம் போகும் நேரத்தில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். இதனாலேயே பலர் இதை நோய் என்று ஒப்புக்கொள்ளாமல் 'குளிர் ஒத்துக்கொள்ளவில்லை' என்று காலம் கடத்துகின்றனர். வந்து போவது திணறல் மட்டுமே; உள்ளிருக்கும் அழற்சி போவதில்லை.

ஒவ்வாமை என்பது இதன் நெருங்கிய உறவினர். 1906இல் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். உடல் தன்னைக் காப்பதற்காக வைத்திருக்கும் சேனை, தூசி, மகரந்தம் போன்ற தீங்கற்ற பொருளையும் பகைவன் என்று கருதிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை. இந்தப் போரில் முன்னணியில் நிற்கும் புரதத்தை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பணியாற்றிய இஷிசாகா தம்பதியரும், சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளரும் தனித்தனியே கண்டறிந்தனர். இங்கே நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தச் சேனை முதல் சந்திப்பிலேயே போருக்கு எழுவதில்லை. புதிய பொருளை முதன்முதல் காணும்போது அதை அடையாளம் குறித்து வைத்துக்கொள்கிறது; பின்னர் ஒரு நாள் எதிர்ப்படும்போதுதான் பொங்கி எழுகிறது. புதிய ஊரின் பூந்தாதுகளுக்கு நம் உடல் பகையாவதற்கு ஓரிரண்டு பருவங்களும் பிடிக்கலாம், பல பருவங்களும் பிடிக்கலாம். 'மூன்றாம் வருஷம் வந்தது' என்று ஜோகுபாளையத்து இளைஞர் சொல்வதில் இவ்வளவு நுட்பமான உண்மை இருக்கிறது.

இனி, ஊரிலும் நகரத்திலும் கணக்கு எடுத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டனர் என்பதற்கு வருவோம். இதற்காக நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. அல்சூர் ஏரிக்கு அருகே உள்ள லேக்சைடு மருத்துவமனையில் குழந்தைகளின் சுவாச நோய்களுக்குச் சிகிச்சை அளித்து வந்த டாக்டர் எச். பரமேஷ், ஐந்தாண்டுக்கு ஒரு முறையாக ஒரு கணக்கை எடுத்துவந்தார். தம் மருத்துவமனைக்கு வந்த பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரில் ஆஸ்துமா உடையவர் 1979இல் 9 விழுக்காடு, 1984இல் 10.5, 1989இல் 18.5, 1994இல் 24.5, 1999இல் 29.5. மொத்தம் இருபதாயிரம் பிள்ளைகளைக் கொண்ட கணக்கு இது. மருத்துவமனையை நாடி வந்தவர்களின் கணக்கே அன்றி ஊர்ப் பிள்ளைகள் அனைவரின் கணக்கு அன்று என்பதை நாம் மறக்கலாகாது. நோயாளிகள் கூடும் இடத்தில் நோய் மிகுந்தே தென்படும். ஆயினும் ஒரே இடத்தில் ஒரே கண்ணால் இருபது ஆண்டுகள் பார்த்து வந்ததில் ஒன்பது என்பது இருபத்தொன்பதாக உயர்ந்ததை அலட்சியம் செய்ய இயலாது. பெங்களூர் பெருத்ததும், வாகனங்கள் பெருகியதும் அந்த ஆண்டுகளிலேதான்.

இந்தக் குறையை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். ஆகவே பன்னிரண்டு பள்ளிகளுக்குச் சென்று ஆறு முதல் பதினைந்து வயது வரையிலான 6,550 மாணவர்களையும் ஆராய்ந்தனர். வாகன நடமாட்டம் குறைந்த பகுதிப் பள்ளிகளில் 11.15 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா இருந்தது. நடமாட்டம் மிகுந்த பகுதிகளில் 19.34 விழுக்காடு. நடமாட்டமும் மிகுந்து, வறுமையும் சேர்ந்த பகுதிகளிலோ 31.14 விழுக்காடு. பின்னர் நாட்டுப்புறத்துக்குச் சென்று அதே வயதுப் பிள்ளைகளைப் பார்த்தபோது கிடைத்த எண் 5.7.

இந்த நான்கு எண்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஜோகுபாளையத்தார் சொல்வது வீண் பேச்சன்று என்பது விளங்கும். சாலை மட்டும் நோயைக் கொண்டுவரவில்லை. சாலையோடு ஏழ்மையும் கூடும்போதுதான் மூன்றில் ஒரு பிள்ளை என்னும் நிலை ஏற்படுகிறது. ஒரே அறையில் ஆறு பேர் உறங்குவதும், சுவரில் ஈரம் ஊறுவதும், சமையற்புகை வெளியேற வழி இல்லாததும், நோய் வந்தால் ஒரு நாள் கூலியை இழந்து வைத்தியரைப் பார்க்க வேண்டியிருப்பதும் அதில் அடக்கம். அன்று அப்பள்ளிகளில் படித்த பிள்ளைகள் இன்று வேலைக்குச் செல்லும் வயதை அடைந்து, தாமே பிள்ளை பெற்றவர்களாகவும் இருக்கின்றனர்.

வயது வந்தவர்களைப் பற்றிய கணக்கும் உண்டு. சண்டிகர், தில்லி, கான்பூர், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. நான்கு இடங்களிலும் சேர்த்து ஆஸ்துமா 2.38 விழுக்காடு, பெங்களூரில் மட்டும் 3.47. நான்கிலும் இதுவே அதிகம். நகரவாசம், ஏழ்மை, பெற்றோரிடமோ உடன்பிறந்தாரிடமோ இந்நோய் இருத்தல், புகையிலைப் பழக்கம் ஆகியவை நோயோடு சேர்ந்து காணப்பட்டன.

கிராமத்தில் ஏன் குறைவு என்று கேட்டால், 'அங்கே காற்றுச் சுத்தம்' என்று உடனே விடை சொல்லிவிடுவோம். விஷயம் அத்தனை எளிதன்று. 1989க்குப் பின் ஜெர்மனியின் இரு பகுதிகளும் ஒன்றுசேர்ந்த காலத்தில், எரிகா ஃபான் முத்தியுஸ் என்னும் மருத்துவப் பெண்மணி இரு பகுதிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார். நிலக்கரிப் புகை சூழ்ந்த கிழக்குப் பகுதியிலேதான் நோய் மிகுதி என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். ஆனால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் தூய்மையான மேற்குப் பகுதி மியூனிக் பிள்ளைகளிடமே மிகுந்திருந்தன. பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் மாட்டுத் தொழுவத்தின் பக்கம் திரும்பின. 2016இல் அமெரிக்காவில், ஒரே பகுதி ஐரோப்பாவிலிருந்து சென்ற இரு உழவர் சமூகத்தாரை ஒப்பிட்டனர். ஆமிஷ் என்போர் இன்றும் குதிரை பூட்டி உழுது, வீட்டை ஒட்டியே மாடு வைத்திருப்பவர். ஹட்டரைட் என்போர் இயந்திரங்களைக் கொண்டு பெரும்பண்ணை நடத்துபவர். முன்னவர் பிள்ளைகளில் ஆஸ்துமா சுமார் 5 விழுக்காடு, பின்னவரில் 21. இளங்குழந்தைப் பருவத்திலேயே தொழுவத்துத் தூசியையும் அதில் உள்ள நுண்ணுயிர்களையும் சுவாசித்து வளர்ந்த உடலின் சேனை, எது பகை, எது பகையன்று என்று பழகிக்கொள்கிறது என்பது அறிஞர் கருத்து. சாணம் மெழுகிய திண்ணையில் தவழ்ந்து வளர்ந்த தலைமுறை இதைக் கேட்டு முறுவலிக்கும்.

ஆயினும் அந்த முறுவலில் அதிக நேரம் தங்கிவிடலாகாது. கிராமம் குழந்தைக்கு அளிக்கும் காப்பு வேறு. அங்கே வேலை செய்யும் இளைஞனுக்கும் பெண்ணுக்கும் காத்திருக்கும் ஆபத்து வேறு. விறகும் சுள்ளியும் எரியும் அடுப்பின் முன் நாள்தோறும் மூன்று மணி நேரம் குனிந்திருக்கும் பெண்ணின் மார்புக்குள், பெங்களூர்ச் சாலையில் நிற்பவர் சுவாசிப்பதைக் காட்டிலும் கூடுதலான புகை செல்லக்கூடும். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எரிவாயு உருளை ஏழை வீடுகளுக்கும் வந்தது. எனினும் மறு உருளைக்குப் பணம் இல்லாத மாதத்தில் பழைய அடுப்பே மூட்டப்படுகிறது. நெல் தூற்றும்போதும், வைக்கோற்போர் பிரிக்கும்போதும், நிலக்கடலை அடிக்கும்போதும் எழும் தூசியில் பூஞ்சைக் காளானின் நுண்விதைகள் நிறைந்திருக்கும். பட்டுப்புழு வளர்க்கும் தொழில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் கர்நாடகத்திலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அந்தக் கூட்டை வேகவைத்து நூல் இழுக்கும் சாலைகளில் பணிபுரிவோருக்குப் பட்டுப்புழுவின் புரதத்தாலேயே ஆஸ்துமா ஏற்படுவதை 1985இல் வெளிவந்த கர்நாடக ஆய்வு எடுத்துக்காட்டியது. திங்கள் முதல் சனி வரை இழுப்பு, ஞாயிறன்று நலம் என்று ஒருவர் சொன்னால் அவருடைய தொழிலைக் கேட்க வேண்டும். நல்ல வைத்தியர் அதைத்தான் முதலில் கேட்பார்.

கிராமம், நகரம் என்ற எல்லையையே மதியாத பகைவன் ஒருவன் இருக்கிறான். அவனே பார்த்தீனியம் என்னும் களைச்செடி. கேரட்டைப் போன்றோ மாசிப்பச்சையைப் போன்றோ கிழிந்த இலையும், வெண்கடுகு தூவியதுபோன்ற சிறு வெள்ளைப் பூவும் உடைய இதனை, கர்நாடகத்தார் 'காங்கிரஸ் செடி' என்பர். அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய இது நம் நாட்டில் பரவத் தொடங்கியதை 1950களின் நடுவில் புனேயில் கண்டு குறித்தனர். இறக்குமதியான கோதுமையோடு வந்தது என்பது பரவலான நம்பிக்கை. காலி மனை, ரயில் பாதையோரம், கைவிட்ட வயல், கட்டடம் எழும்பாத அஸ்திவாரம் என்று எங்கும் தழைக்கும் இதன் மகரந்தத்தைப் பெங்களூர் ஆராய்ச்சியாளர் நோயாளிகளின் தோலில் சோதித்துப் பார்த்தனர். 1991இல் வெளியான முடிவின்படி, தும்மலும் மூக்கொழுக்கும் உடையவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கும், ஆஸ்துமா உடையவர்களில் எட்டில் ஒருவருக்கும் இந்த மகரந்தம் ஒவ்வாததாக இருந்தது. இதை ஒழிக்க மெக்சிகோ நாட்டிலிருந்து ஒரு வண்டினத்தை வரவழைத்து 1984இல் பெங்களூரில் விட்டனர். அந்த வண்டு இன்றும் மழைக்காலத்தில் இலைகளைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. செடியும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மனையோரம் இதைப் பிடுங்க விரும்புவோர் பூப்பதற்கு முன், மழை பெய்து நிலம் நெகிழ்ந்திருக்கையில், கையுறையும் முகமூடியும் அணிந்து வேரோடு பிடுங்குதல் வேண்டும். ஒவ்வாமை உடையவர் அந்த வேலைக்கே போகலாகாது. பிடுங்கியதைக் கொளுத்தினால் புகையாகவும் மார்புக்குள் புகும்.

மூக்கு நோயைப் பற்றிச் சொன்னோம். 'வெறும் தும்மல்தானே' என்று அதைத் தள்ளிவிடுவோர் பலர். மூக்கும் மார்பும் ஒரே பாதையின் இரு முனைகள். மேல்முனையில் பல ஆண்டு எரியும் ஒவ்வாமை கீழே இறங்குவது உண்டு. இதற்கு வெளிநாடு சென்ற நம்மவரே ஒரு துயரச் சான்று. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2016 நவம்பர் 21ஆம் நாள் மாலை ஓர் இடிமழை வந்தது. சுற்றுப்புறப் புல்வெளிகளின் மகரந்தம் மழைமேகத்தின் ஈரத்தில் வெடித்துத் தூள் தூளாகிக் காற்றோடு நகரத்தின்மேல் இறங்கியது. ஓர் இரவில் ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளுக்கு ஓடினர். பத்துப் பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோரில் இளவயதினர் மிகுதி. இந்தியா முதலிய ஆசிய நாடுகளிலிருந்து சென்று குடியேறியவரும் அவர்தம் மக்களும் தம் தொகைக்கு மிஞ்சிய அளவில் இருந்தனர். அவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதில்லை. ஆண்டுதோறும் பூக்காலத்தில் தும்மல் வரும், அவ்வளவே. சென்ற நாட்டின் புல்லோடு அவர்கள் உடல் மெல்ல மெல்லப் பகைத்துக்கொண்டிருந்ததை ஒருவரும் அறியவில்லை.

ஆகவே 'ஊருக்குத் திரும்பினால் நீங்குமா' என்னும் வினாவுக்கு விடை: சீண்டும் பொருள் அங்கே இல்லாவிடில் ஓரளவு அடங்கும், வேறொன்று அங்கே சீண்டினால் மீண்டும் எழும், ஒரு முறை அமைந்த இயல்பு முற்றும் மறைவது வயது வந்தோரிடம் அரிது. வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய இளைஞர் அறுவடைக் காலத்தில் மறுபடியும் வைத்தியரைத் தேடுவது இதனாலேதான்.

வீட்டுக்குள் இருக்கும் எதிரியையும் காட்டிவிடுவோம். கண்ணுக்குப் புலப்படாத தூசிப்பூச்சி என்னும் உயிர், நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. அந்தப் பூச்சியே வீட்டுத் தூசி ஒவ்வாமைக்குப் பெருங்காரணம் என்பதை ஹாலந்து நாட்டு லைடன் நகர ஆராய்ச்சியாளர் 1960களில் நிறுவினர். ஈரம்தான் அதற்கு உயிர். பெங்களூரின் மழைக்காலமும், வெயில் எட்டாத நெருக்கமான வீடுகளும் அதற்கு வாய்ப்பான வாசம். பாட்டி கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையை வாரம் ஒரு நாள் மாடியில் காய வைப்பதும், உறைகளைக் கொதிநீரில் துவைப்பதும், பரண்மேல் உள்ள பழைய துணி மூட்டையை அப்புறப்படுத்துவதும் பணச்செலவு இல்லாத வைத்தியம். உலர்ந்த துடைப்பத்தால் தூசியைக் கிளப்புவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். கொசுவர்த்தியும் சாம்பிராணிப் புகையும் மார்புக்கு ஆகா. வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடும் வீட்டில் இதைச் சொன்னால் பெரியவர்களுக்கு வருத்தமாகும் என்பதை நாம் அறிவோம். நோயாளி இருக்கும் அறையை விட்டு விலக்கிப் போட்டாலே போதும்.

தொழிலிடமும் அப்படியே. பேக்கரியில் மாவு பிசைவோருக்கு மாவுத்தூசியால் இழுப்பு வருவதை இத்தாலிய மருத்துவர் ரமாத்சினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். அடுக்குமாடி வீடுகளில் துப்புரவு செய்யும் நம் பெண்கள் பிளீச்சிங் பவுடரையும் கழிவறை அமிலத்தையும் ஒரே வாளியில் கலப்பதுண்டு. அதிலிருந்து எழும் குளோரின் வாயு மூச்சுக்குழலைப் புண்ணாக்கிவிடும். இரண்டையும் ஒருபோதும் சேர்க்கலாகாது.

சிகிச்சைக்கு வருவோம். இங்கேதான் நம் மக்களின் பெரிய இழப்பு இருக்கிறது. 2019ஆம் ஆண்டைய உலக நோய்ச் சுமைக் கணக்கின்படி, உலகத்து ஆஸ்துமா நோயாளரில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினர் இந்தியாவில் உள்ளனர். ஆஸ்துமாவால் இறப்பவரிலோ 40 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இந்தியர். மருந்து இல்லாத நோயாயின் இந்த எண்ணைக் கேட்டு விதியை நொந்துகொள்ளலாம். மருந்து இருக்கிறது, அது நம் நாட்டிலேயே செய்யப்பட்டு உலகெங்கும் செல்கிறது.

அம்மருந்து இருவகை. ஒன்று இறுகிய தசையைத் தளர்த்தி உடனே மூச்சை விடுவிப்பது. சால்பியூட்டமால் அதில் முதன்மையானது, 1969இல் புழக்கத்துக்கு வந்தது. மற்றொன்று உள்ளிருக்கும் அழற்சியை நாள்தோறும் தணித்துவைப்பது. மூச்சோடு உறிஞ்சும் ஸ்டிராய்டு மருந்து, 1972 முதல் கிடைப்பது. முன்னது தீயணைப்பு வண்டி. பின்னது தீப்பிடிக்காமல் காக்கும் காவலன். நம்மவர் பலர் வண்டியை மட்டும் வைத்துக்கொண்டு காவலனை வேலையைவிட்டு நீக்கிவிடுகின்றனர். முதல் வகையால் உடனே சுகம் தெரிகிறது. இரண்டாவதால் அன்றே ஒன்றும் தெரிவதில்லை. சுகம் தரும் மருந்தை மட்டும் அடிக்கடி உறிஞ்சி வருவோருக்கு ஆபத்து மிகுதி என்பது உறுதிப்பட்டுவிட்டது. ஆதலால் 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, வயது வந்தவர் எவரும் அதை மட்டும் நம்பியிருக்கலாகாது, ஸ்டிராய்டும் சேர்ந்திருத்தல் வேண்டும் என்று அறிவுறுத்தி வருகிறது.

ஸ்டிராய்டு என்றவுடன் அச்சம் எழுகிறது. அச்சத்துக்குக் காரணம் உண்டு; ஆனால் அது இடம் மாறி நிற்கிறது. உறிஞ்சும் மருந்தின் ஒரு நாளைய அளவு சில நூறு மைக்ரோகிராம். மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கி விழுங்கும் மாத்திரை ஒன்றில் ஐந்து அல்லது பத்து மில்லிகிராம், அதாவது ஐயாயிரம், பத்தாயிரம் மைக்ரோகிராம். அது உடல் முழுவதும் ஓடி, வைத்தியர் மேற்பார்வையின்றி நீடித்தால் எலும்பையும் இரத்தச் சர்க்கரையையும் கெடுக்கிறது. உறிஞ்சுவதோ வேண்டிய இடத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. உறிஞ்சிய பின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வரும் வாய்ப்பும் குறையும். 'உறிஞ்சி பழகினால் விட முடியாது, அது கடைசி மருந்து' என்று சொல்லிவிட்டு, மாதந்தோறும் பெயர் தெரியாத மாத்திரைகளை விழுங்குவது, கயிற்றைக் கண்டு அஞ்சிப் பாம்பின்மேல் கால் வைப்பதாகும்.

இன்னொரு தடை வெட்கம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் உறிஞ்சியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கும் வீடுகள் உண்டு. மணமான பின்னும் மாமியார் அறியாமல் மறைத்து, இரவில் திணறலை அடக்கிக்கொண்டு கிடக்கும் இளம் மனைவியர் உண்டு. கருவுற்ற காலத்தில் 'குழந்தைக்கு ஆகாது' என்று மருந்தை நிறுத்திவிடுவோரும் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது: தாய்க்கு மூச்சு முட்டினால் கருவுக்கும் பிராணவாயு குறையும். காவலுக்குச் செல்லும் இளைஞனும், வண்டியில் உணவு கொண்டு செல்பவனும் வேலை போய்விடுமோ என்று மறைக்கின்றனர். ஒழுங்காக மருந்து எடுப்பவர் ஓடலாம், சுமக்கலாம், பிள்ளை பெறலாம். ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடியவரிலும் நீந்தியவரிலும் ஆஸ்துமா உடையோர் பலர். மறைத்துவைப்பவருக்கே எதுவும் இயலாமற்போகிறது.

ஜூன் மாதம் மிருகசிரக் கார்த்தி நாளில் ஹைதராபாத் நகரில் பத்தினி குடும்பத்தார் உயிருள்ள சிறு விரால் மீனின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்வதை நேயர்கள் அறிவர். பெங்களூரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் திரளானோர் செல்கின்றனர். அவர்கள் பணம் பெறுவதில்லை என்பது மரியாதைக்குரியது. ஆனால் அம்மருந்தால் நோய் நீங்குகிறது என்பதற்கு விஞ்ஞானச் சான்று ஏதும் இல்லை. போக விரும்புவோரைத் தடுக்க நம்மால் இயலாது. போகும்போது உறிஞ்சியையும் எடுத்துச் செல்லுங்கள், அங்கே கூட்டத்தில் நிற்கும்போதே தேவைப்படலாம்.

உறிஞ்சும் முறையைப் பலரும் பிழையாகவே செய்கின்றனர். குப்பியை நன்கு குலுக்க வேண்டும். முதலில் மூச்சை முழுதும் வெளியே விட வேண்டும். உதடுகளால் வாய்ப்பகுதியை இறுகக் கவ்வி, மெல்ல உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, தொடர்ந்து இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். கை அழுத்துவதும் மூச்சு இழுப்பதும் ஒன்றாத சிறியோர், முதியோர் ஆகியோர்க்கு, 'ஸ்பேசர்' என்னும் குடுவையை இடையே பொருத்திக்கொள்வது சிறந்தது. மருந்து எழுதிய வைத்தியர் முன்னிலையிலேயே ஒரு முறை செய்து காட்டித் திருத்திக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் எல்லாமே ஆஸ்துமா ஆகிவிடாது. சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்வது முதற்கடமை. குழலில் ஊதி மூச்சின் வேகத்தை அளக்கும் சோதனையால் ஆஸ்துமா தெளிவாகும். ஜோகுபாளையத்தாருக்குச் சிவாஜி நகரத்து பௌரிங் அரசு மருத்துவமனை தொலைவன்று. தொழிலாளர் ஈட்டுறுதி அட்டை உள்ளவருக்கு இந்திரா நகரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. மார்பு நோய்களுக்கென்றே ராஜீவ் காந்தி மார்பு நோய் நிலையமும் பெங்களூரில் உண்டு. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க இயலாமை, உதடு நீலம் பாய்தல், மருந்தை உறிஞ்சியும் தணியாமை, அரற்றிக்கொண்டிருந்த மார்பு திடீரென ஒலி அடங்கிப் போதல் ஆகியவை பேராபத்தின் அறிகுறிகள். கடைசியாகச் சொன்னதைக் கண்டு 'அடங்கிவிட்டது' என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. காற்றே ஓடாததால்தான் ஒலியும் எழவில்லை. உடனே 108க்குச் சொல்லுங்கள். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். வண்டி வரும்வரை படுக்க வைக்காமல், முன்புறம் சற்றே சாய்ந்தவாறு உட்கார வைத்து, ஸ்பேசர் வழியாக நிவாரண மருந்தை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருங்கள்.

தை பிறக்கும் முன் ஜோகுபாளையத்திலிருந்து ஊருக்குப் புறப்படும் பேருந்துகள் நிறைந்து வழியும். அந்தப் பயணத்துக்குப் பை கட்டுவோர், இரண்டு குப்பிகளையும் துணியோடு துணியாக அடியில் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஊரில் மருந்துக் கடை பல மைல் தள்ளி இருக்கலாம். பொங்கலன்று அது மூடியும் இருக்கலாம். ஆகவே எண்ணிக்கை காட்டும் குப்பியாயின் எத்தனை மீதி என்று பார்த்து, குறைவாக இருந்தால் இங்கேயே புதிது வாங்கிக்கொள்ளுங்கள். போகியன்று விடியலில் பழம்பாயும் டயரும் கொளுத்தும் புகை தெருவில் படிந்திருக்கும்போது வெளியே வராமல், வெயில் ஏறிய பின் வாருங்கள். ஏன் இந்த ஒதுக்கம் என்று அத்தையோ சித்தப்பாவோ கேட்டால், பைக்குள் இருப்பதை எடுத்துக் காட்டிவிடுங்கள்.